டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்று. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கியவர். ஆர்டர், முகவரி, பத்திரிகை வாசகம், பில் எல்லாம் ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருந்தன. அதைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு எரர்கூட வரவில்லை. மறுநாள் காலையில் போன்: "தம்பி, பொண்ணு பேரு இருக்க வேண்டிய இடத்துல வெறும் கேள்விக்குறியா நிக்குது."

போய்ப் பார்த்தேன். கயல்விழி என்ற பெயர் இருந்த இடத்தில் வரிசையாக 8 கேள்விக்குறிகள்.

எரர் வரவில்லை, அதனால் டேட்டா சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. தமிழில் டேட்டா வைத்திருப்பவர்களை இது முதலில் பிடிக்கும் இடம் கேரக்டர் செட், அதாவது எழுத்துகளை எண்களாகப் பதிந்து வைக்கும் முறை. கம்ப்யூட்டர் கணக்கில் கயல்விழி என்பது 8 குறிகள்: க, ய, ல, புள்ளி, வ, இகரக் கொக்கி, ழ, மறுபடி கொக்கி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 24. நான் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஃபைலாக எடுத்த பிரதி) எடுத்த பழைய ஸ்கிரிப்டில் கேரக்டர் செட் லேட்டின்1 என்று இருந்தது, அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. லேட்டின்1இல் தமிழே கிடையாது. தெரியாத குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பிவிட்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கேள்விக்குறியாகிவிட்டால் அந்தப் பிரதியிலிருந்து பெயரை மீட்கவே முடியாது. மூல எழுத்து அதில் இல்லை. அதற்குப் பதிலாக, தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் நீளமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஏற்கெனவே யுடிஎஃப்-8ஆக இருந்ததை இன்னொரு முறை மாற்றியதால் வருவது. பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கும், திருப்பிவிடலாம். எது நடந்தது என்று அறிய ஒரு பெயரை எடுத்து லெங்த் (பைட்டுகளை எண்ணும்), கேர்_லெங்த் (குறிகளை எண்ணும்) இரண்டு ஃபங்ஷனையும் ஓட்டுங்கள். கயல்விழிக்கு 24, 8 என்று வந்தால் சரி. 8, 8 என்றால் போய்விட்டது. கேர்_லெங்த் 24 காட்டி, லெங்த் அதைவிடக் கூடுதலாக வந்தால் இரட்டை மாற்றம். அரை நிமிடம் ஆகாது.

அப்புறம், மைஎஸ்கியூஎல் 8.0 வரைக்கும் யுடிஎஃப்8 என்று மட்டும் போட்டால் ஒரு குறிக்கு 3 பைட்தான் கொள்ளும். தமிழ் அதில் அடங்கிவிடும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் பூ எமோஜி 4 பைட், அது அடங்காது. 2010இல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்தே, 4 பைட்டும் கொள்ளும் யுடிஎஃப்8எம்பி4 இருக்கிறது. புதிய சர்வரில் அதையே வையுங்கள்.

நாள் பார்ப்பதிலும் நான் தப்புக்கணக்குப் போட்டேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, அச்சகத்தில் வேலை குறைவாக இருக்கும் என்று ஆடிக் கடைசியில் வைத்தேன். ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் ஆடியில்தானே அச்சாகும்! சர்வரின் டிராஃபிக் கிராஃபைப் பார்ப்பதற்கு முன்னால் தொழில் நடத்துபவரிடம் கேளுங்கள். எந்த வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆர்டர் வந்துகொண்டிருக்கும்போதே டம்ப் எடுப்பது அடுத்த தவறு. டேபிள்களைப் பூட்டாமல் எடுத்தால், முதல் டேபிளை எடுத்து முடிப்பதற்குள் கடைசி டேபிளில் புது வரிகள் சேர்ந்துவிடும். பில் இருக்கும், அதற்கான ஆர்டர் இருக்காது. சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் ஆப்ஷன் போட்டால், தொடங்கிய நேரத்தில் இருந்த நிலையையே முழுவதும் எடுத்துத் தரும். ஆனால் இது இன்னோடிபி என்ற எஞ்சினில் (டேபிளைச் சேமிக்கும் முறை) இருக்கும் டேபிளுக்கு மட்டும்தான். பழைய டேட்டாபேஸ்களில் மைஐசாம் என்ற பழைய எஞ்சினில் ஒன்றிரண்டு டேபிள்கள் ஒளிந்திருக்கும், அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. முதலில் டேபிள்களின் எஞ்சின் என்னவென்று பாருங்கள். ஸ்டோர்ட் புரொசீஜரும் (டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்த நிரல்) ஈவென்ட்டும் (அங்கேயே குறித்த நேரத்தில் ஓடும் வேலை) தானாக டம்பில் வராது, ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் என்று தனியாகக் கேட்க வேண்டும். யூசர்களும் அவர்களுடைய அனுமதிகளும் தனி. ஒரு வியூவை (சேமித்து வைத்த கேள்வி, டேபிள் போலத் தெரியும்) உருவாக்கிய யூசர் புதிய சர்வரில் இல்லையென்றால் வியூ ஏறிவிடும், திறக்கும்போதுதான் 1449 எரர் வரும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது, பழைய சர்வரும் புதிய சர்வரும் ஒரே நேரத்தில் புதுப் பதிவுகளை வாங்கிக்கொள்வது. வெப்சைட்டைப் புதியதற்குத் திருப்பிவிடுவோம். எங்கோ ஒரு கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), கவுன்டரில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர், பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த எண்ணைத் தானாகப் போடுவதால், ஒரே பில் எண் இங்கே ஒருவருக்கும் அங்கே இன்னொருவருக்கும் போய்விடும். அதைப் பிரித்தெடுக்கக் கையால்தான் உட்கார வேண்டும். எனவே கடைசி டம்ப் எடுப்பதற்கு முன்பே பழைய சர்வரை ரீட்-ஒன்லி, அதாவது படிக்க மட்டும் என்று ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் 5.7.8இலிருந்து சூப்பர்_ரீட்_ஒன்லி இருக்கிறது, அது அட்மினையும் எழுத விடாது. யாராவது எழுத முயன்றால் எரர் வரும், அந்தக் கம்ப்யூட்டர் எது என்று உடனே தெரிந்துவிடும். டிஎன்எஸ் (சர்வரின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) வழியாக மாற்றுவதாக இருந்தால் டிடிஎல் நேரத்தை, அதாவது மற்றவர்கள் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே குறைத்து வையுங்கள்.

கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில்தான் வரும், அது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 10 மணிக்கு எடுத்த ஆர்டர் 4.30க்கு எடுத்ததாகப் பதிவாகும். நள்ளிரவிலிருந்து அதிகாலை 5.30 வரை ஓடும் வேலைகள் முந்தைய நாள் கணக்கில் விழும். டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை நேர மண்டலத்துக்கு ஏற்ப மாறும், டேட்டைம் வகை நெடுவரிசை மாறாது. ஒரே டேட்டாபேஸில் இரண்டும் கலந்திருந்தால் முகூர்த்த நேரம் சரியாகவும் டெலிவரி நேரம் தப்பாகவும் தெரியும்.

டம்ப் ஃபைலை வெப்சைட்டின் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு அங்கிருந்து டவுன்லோட் செய்வதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. சர்வருக்குச் சர்வர் நேராக ஃபைல் அனுப்பும் எஸ்சிபி அல்லது ஆர்சிங்க் போதும், வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள்.

பேக்கப் இருக்கிறது என்ற தைரியமும் ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், பதிப்பு பொருந்தாத டூலால் அது எடுக்கப்படவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சுமார் 6 மணி நேர டேட்டா போனது. ரீஸ்டோர் செய்து திறந்து பார்த்த பேக்கப்பை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அண்ணாச்சியின் பெயர்களை நான் மீட்டதும், பழைய சர்வரை அணைக்காமல் வைத்திருந்ததால்தான். இரண்டாம் முறை முழு டேட்டாவோடு ஒத்திகை சர்வர் ஒன்றைப் போட்டேன். டேபிள் வாரியாக வரிகளை எண்ணினேன். மைஎஸ்கியூஎல் தன் டேபிள்களைப் பற்றி வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா காட்டும் எண்ணிக்கை இன்னோடிபிக்கு உத்தேசம்தான், அதனால் கவுன்ட் போட்டே எண்ணினேன். எல்லாம் பொருந்தியது. பிறகு அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் தானே மவுஸைப் பிடித்து, நான் திறக்காத ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தார். வாசகம் பாதியில் நின்றிருந்தது, புதிய சர்வரில் அந்த நெடுவரிசையின் அளவை நான் சிறியதாக வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே அளவைச் சரிசெய்து டம்பை மறுபடி ஏற்றினேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான மாற்றத்தைச் செய்தோம்.