அமெரிக்க சுதந்திரப் போர்: காரணம் எழுதும்போது பண்ணக்கூடாத தப்புகள்

பிரிட்டன் தன் ஆட்சியில இருந்த அமெரிக்கக் காலனிகள்ல டீ மேல வரியை ஏத்துச்சு, கோவத்துல பாஸ்டன்ல டீயைக் கடல்ல கொட்டிட்டாங்க, போர் வந்துடுச்சுன்னு எழுதுற பழக்கத்தை முதல்ல விடுங்க. 1773-ல வந்த தேயிலைச் சட்டம் புது வரி எதுவும் போடல. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ்ங்கிற வரி 1767-லயே போட்டது, அதுதான் அப்படியே நின்னுச்சு. புதுச் சட்டம் பண்ணது என்னன்னா, விக்காத டீயைக் குடோன்ல குவிச்சு வச்சுத் தள்ளாடிட்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டன்ல கட்டின வரியைத் திருப்பிக் கொடுத்து, அமெரிக்காவுல அவங்களே ஏஜென்ட் வச்சு நேரா வித்துக்கலாம்னு விட்டுச்சு, அதனால டீ விலை குறைஞ்சுதான் போச்சு.

விலை குறைஞ்சா எதுக்குக் கோவம்? காலனிக்காரங்க யோசிச்சது இப்படி: அந்த மலிவு டீயை வாங்கினா 3 பென்ஸையும் சேர்த்துக் கட்டணும், கட்டினா நாம ஓட்டுப் போட்டு யாரையும் அனுப்பாத லண்டன் பார்லிமென்ட் நம்மகிட்ட வரி கேக்கலாம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நடுவுல இருந்த உள்ளூர் வியாபாரிங்க பிழைப்பும் போச்சு. டிசம்பர் 16 ராத்திரி 342 பெட்டி தண்ணிக்குள்ள போனதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. (அது சீனா டீ, நம்ம ஊரு டீ இல்ல, அசாம் தோட்டமெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது.)

அதனால வரி எவ்வளவுன்னு பாக்காம, வரி போடுற உரிமை யாருக்குன்னு பாருங்க. பிரான்ஸோட நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல முடிஞ்சப்போ பிரிட்டனோட மொத்தக் கடன் கிட்டத்தட்ட 13 கோடி பவுண்டு, அதைச் சமாளிக்க 1765-ல முத்திரை வரி போட்டாங்க, பேப்பர், பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும். எதிர்ப்பு பலமா வந்ததும் அடுத்த வருஷமே வாபஸ், ஆனா வாபஸ் வாங்கின அதே நாள்லயே "எந்த விஷயத்துலயும் உங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு"ன்னு இன்னொரு சட்டம் போட்டாங்க. என்னைக் கேட்டா முத்திரை வரியைவிட இதுதான் முக்கியம், ஆனா இதை யாருமே எழுதுறதில்ல.

ஆரம்பத்துலேர்ந்தே சுதந்திரம்தான் கேட்டாங்கன்னும் எழுதாதீங்க. 1775 ஏப்ரல்ல மாசசூசெட்ஸ் காலனியில இருக்குற லெக்சிங்டன்ல துப்பாக்கி வெடிச்சு போர் தொடங்கின பிறகும் ஜூலைல பிரிட்டன் ராஜா மூணாம் ஜார்ஜுக்கு சமாதான மனு அனுப்பினாங்க. ஜார்ஜ் ராஜா அதை வாங்கிக்கவே இல்ல, ஆகஸ்ட்ல இவங்கள கலகக்காரங்கன்னு அறிவிச்சுட்டாரு, அதுக்கப்புறம்தான் நிறைய பேர் மனசு மாறுச்சு.

எல்லாரும் ஒண்ணா நின்னாங்கங்கிறதும் தப்பு. ஜமைக்கா, நோவா ஸ்கோஷியா (இப்போ கனடாவுல இருக்கு) எல்லாம் பிரிட்டிஷ் காலனிதான், அதுங்க சேரல. சேர்ந்த 13 காலனியிலயும் ராஜா பக்கம் நின்னவங்க ஏராளம், கடைசில கனடா, இங்கிலாந்துன்னு பல்லாயிரம் பேர் கிளம்பிட்டாங்க. அடிமைங்களைப் பத்தி எழுதவும் மறந்துடாதீங்க. 1775 நவம்பர்ல வர்ஜீனியா காலனிக்கு பிரிட்டன் வச்ச கவர்னர் டன்மோர், கலகக்காரங்ககிட்ட இருக்குற அடிமைங்க தப்பிச்சு வந்து ராஜா படையில சேர்ந்தா விடுதலைன்னு அறிவிச்சாரு, அதுவரைக்கும் ரெண்டுங்கெட்டான் மனசுல இருந்த தெற்கத்திப் பண்ணை முதலாளிங்க பல பேரு அதைக் கேட்டுத்தான் பிரிட்டன் வேண்டாம்னு முடிவுக்கு வந்தாங்க.