ஒரே நெட்டை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். நெட்டும் வாடகையோடு சேர்த்திதான். 50 எம்பிபிஎஸ் ஃபைபர். ராத்திரி எட்டு மணிக்கு சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிடுவார். அங்கே அப்போது பத்தரை, படுக்கப் போகும் நேரம். மாடியில் யாராவது கேம் இறக்க ஆரம்பித்தால் போதும், அண்ணன் முகம் அப்படியே நின்றுவிடும். அண்ணி போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். அதற்காகத்தான் ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று வரம்பு வைக்க முடிகிற மைக்ரோடிக் கம்பெனி ரௌட்டர் வாங்கினேன்.

அடுத்தவர் நெட்டை வெட்டுகிற மொபைல் ஆப்களைத் தொடாதீர்கள். அவை தாங்களே ரௌட்டர் என்று நம்பவைத்து மற்றவர்கள் டேட்டாவைத் தங்கள் வழியே இழுக்கின்றன. நம்மை நம்பிக் குடியிருப்பவர்களுக்கு அதைச் செய்யக்கூடாது.

ரௌட்டரில் நெட் வந்ததும், மைக்ரோடிக்கின் செட்டிங்ஸை மாற்றும் வின்பாக்ஸ் என்ற மென்பொருளைத் திறங்கள்.

1. முதலில் பாருங்கள். டூல்ஸில் டார்ச்சைத் திறந்து, பிரிட்ஜைத் (வீட்டு வைஃபையும் கேபிளும் சேரும் இடம்) தேர்ந்து ஸ்டார்ட் கொடுங்கள். எந்த ஐபி (ரௌட்டர் ஒவ்வொரு போனுக்கும் தரும் எண்) எவ்வளவு இழுக்கிறது என்று அந்த நொடியே தெரியும். டிஎக்ஸ் என்பது ரௌட்டர் அனுப்புவது, அதாவது அவர்களுடைய டவுன்லோடு.

2. ஐபி எண்களைப் பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரின் லீசஸ் பக்கத்தில் ஒவ்வொரு போனுக்கும் 'மேக் ஸ்டாட்டிக்' (Make Static) கொடுங்கள். அப்போதுதான் அந்த போனின் ஐபி மாறாமல் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் தங்கள் மேக் (MAC) முகவரியை, அதாவது ரௌட்டர் போனை அடையாளம் காணும் எண்ணை, மறைத்து வேறொன்றைக் காட்டும். நம் வைஃபைக்கு மட்டும் 'டிவைஸ் மேக்' வைக்கச் சொல்லுங்கள்.

3. இனி வேக வரம்பு. க்யூஸ், சிம்பிள் க்யூஸ், பிளஸ். டார்கெட்டில் அந்த ஐபி. மேக்ஸ் லிமிட்டில் அப்லோடு 3எம், டவுன்லோடு 10எம். இந்த எம் மெகாபிட். எட்டால் வகுத்தால், ஃபைல் இறங்குவது நொடிக்கு 1.25 மெகாபைட். நான் மாடிக்காரர்களிடம் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாடியில் டவுன்லோடு பழையபடியே பறந்தது. க்யூ ஐகான் மட்டும் பச்சையாகவே இருந்தது. வரம்பில் பாதிக்கு மேல் போனால் மஞ்சள், முக்காலுக்கு மேல் போனால் சிவப்பு ஆக வேண்டும். இரண்டு ராத்திரி எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தப்பு எண்ணில் இல்லை, ஃபாஸ்ட்ட்ராக்கில் இருந்தது. வேகத்துக்காக ரௌட்டரில் முன்கூட்டியே போட்டு வரும் ரூல் அது. அதில் போகும் டேட்டா சிம்பிள் க்யூவைத் தொடாமலே தாண்டிவிடும்.

ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ் போய் அந்த ஃபாஸ்ட்ட்ராக் வரியை டிசேபிள் செய்யுங்கள். அப்புறம் ரௌட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஏற்கனவே ஓடுகிற இணைப்புகள் பழைய வழியிலேயே போகும். ரௌட்டருக்கு வேலை கூடும்தான், ஆனால் 50 எம்பிபிஎஸ்ஸை என் சின்ன ரௌட்டர் தாங்குகிறது. அன்று ராத்திரி மாடியில் டவுன்லோடு ஓடும்போதே ஐகான் சிவப்பானது. கீழே அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் ஒரு போனுக்கு மட்டும் முழு வேகம் வருகிறது என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அந்த போன் ஃபைபர் மோடத்தின் சொந்த வைஃபையில் இருந்திருக்கிறது. மோடத்தில் வைஃபையை அணைத்துவிடுங்கள். எல்லோரும் மைக்ரோடிக் வழியாகவே வரட்டும்.