நாளைய வற்று எத்தனை மணிக்கு?

நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கம் ஆழமில்லாத கடலில் வள்ளம் விடுபவர்கள் இன்றைய பெருக்கு (கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்) நேரத்தைக் குறித்து வையுங்கள். காலை 6.00 மணிக்குப் பெருக்கென்றால் வற்று (மட்டம் தாழ்ந்து நிற்கும் நேரம்) ஏறத்தாழ 12.10க்கு. நாளைக் காலைப் பெருக்கு 6.50க்கு, வற்று ஏறத்தாழ பிற்பகல் 1.00க்கு. பூமி ஒருமுறை சுழல்வதற்குள் சந்திரன் தன் பாதையில் முன்னே நகர்ந்துவிடுவதால்தான் இந்த 50 நிமிடப் பிந்தல்.

கடலை உயர்த்துவதில் சூரியனின் வலு சந்திரனுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பறுவம், அமாவாசையில் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுக்கும். பெருக்கும் கூடும், வற்றும் நன்றாக இறங்கும். அதன் உச்சம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் பிந்தியே வரும். வள்ளம் தரைதட்டுவது அப்போதுதான், வற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரை சேருங்கள். அட்டமியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறைவு. பலத்த காற்று கரைநோக்கி அடித்தால் இந்தக் கணக்குப் பிசகும்.