எதிர்ப்பொருளும் பரம்பரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருமிகளைப் பிடித்து முடக்கும் புரதமான எதிர்ப்பொருள் குலுக்கல் முறையில் உருவாகிறது, அதில் பரம்பரைக்கு என்ன வேலை என்று கேட்பதுதான் முதல் தவறு. உயிரியல் படித்தவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. குலுக்கல் நடப்பது உண்மைதான். எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளையணுக்களான பி செல்கள் வளரும்போது வி, டி, ஜே எனப்படும் மரபணுத் துண்டுகள் தற்செயலாக இணைந்து எண்ணற்ற எதிர்ப்பொருள்களைத் தருகின்றன. இதைக் கண்டறிந்த சுசுமு தொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்தத் துண்டுகள் பெற்றோரிடமிருந்து வந்தவை. ஒரு துண்டு உங்களிடம் இல்லையென்றால் எத்தனை முறை குலுக்கினாலும் அது வராது.

இதற்கு எச்.ஐ.வி. ஆய்வில் தெளிவான சான்று கிடைத்தது. அந்த வைரஸின் பல வகைகளை முடக்கும் 'விஆர்சி01' இன எதிர்ப்பொருள் உருவாக, ஐஜிஎச்வி1-2 என்ற மரபணு வேண்டும். அதுவும் எந்த வடிவமானாலும் போதாது. 02, 04 ஆகிய அல்லீல்களில் (அம்மரபணுவின் மாற்று வடிவங்களில்) 50-ஆம் இடத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதுதான் வைரஸைப் பற்ற உதவுகிறது. 05, 06 அல்லீல்களில் அந்த இடத்தில் ஆர்ஜினின் இருப்பதால் பிடி நழுவுகிறது. இந்த எதிர்ப்பொருளின் முன்னோடி செல்களைத் தூண்டும் தடுப்பூசிச் சோதனையின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் எதிர்பார்த்த செல்கள் பெருகின. எஞ்சிய ஒருவரிடம் தேவையான அல்லீல் இல்லை. ஒரே ஓர் அமினோ அமிலத்தின் வேறுபாடு!

அடுத்தது, எதிர்ப்பொருளில் காணும் ஒவ்வொரு மாற்றத்தையும் பரம்பரைக் கணக்கில் எழுதுவது. கிருமியைச் சந்தித்த பி செல்கள் நிணநீர்க் கணுக்களில் தம் மரபணுவைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. அம்மாற்றங்கள் பிள்ளைகளுக்குப் போவதில்லை. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வருவது ஆயத்த எதிர்ப்பொருள் புரதம். அது சில மாதங்களில் குறைந்துவிடும்.

மிகுந்த தீங்கு விளைவிப்பது, மரபணுவைத் தலைவிதியாகக் கொள்வதுதான். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசிக்கு ஆரோக்கியமான பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேரின் உடல் போதிய எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை. பி செல்களுக்கு உதவும் டி செல்களுக்குக் கிருமியின் துணுக்குகளைக் காட்டும் எச்எல்ஏ மரபணுக்களின் சில வகைகள் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் வயது, புகைப்பழக்கம், உடல்பருமன் ஆகியவையும் பலனைக் குறைக்கின்றன. மேலும், கூடுதல் தவணைகள் பெற்றால் இவர்களில் பலருக்கு எதிர்ப்பொருள் உருவாகிறது. ஆகவே 'எனக்கு ஊசி வேலை செய்யாது' என்று ஒதுங்குவது ஆபத்து. 2015-இல் இரட்டையர்கள் 210 பேரிடம் நடந்த ஆய்வில், இன்ஃபுளுவென்சா தடுப்பூசிக்கான எதிர்ப்பொருள் அளவில் பரம்பரையின் பங்கு கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை. ஒரு தடுப்பூசியில் கண்டதை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

கடைசித் தவறு ஆய்வாளர்களுக்கு உரியது. 14-ஆம் குரோமோசோமில் எதிர்ப்பொருளின் கனச் சங்கிலி எனும் பெரிய புரத இழைக்கான மரபணுக்கள் அமைந்த பகுதி, ஒன்றையொன்று ஒத்த நகல்களால் நிறைந்தது. அதன் டி.என்.ஏ.வைக் குறுந்துண்டுகளாக வாசித்தால் எது எங்கே சேரும் என்பது குழம்பிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் பி செல் வரிசைகளின் டி.என்.ஏ.வையும் இங்கே நம்ப முடியாது: வி, டி, ஜே துண்டுகள் இணைந்தபோது இடையிலிருந்த மரபணுக்கள் அவற்றில் வெட்டப்பட்டுப் போயிருக்கும். அந்த இழப்பைப் பரம்பரைக் குறையாகப் பதிவு செய்யாதிருக்க, வேறு வகைச் செல்களின் டி.என்.ஏ.வை எடுத்து நீண்ட துண்டுகளாக வாசிக்க வேண்டும்.