வீட்டுத் தோட்ட வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டம் போட வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் பலரும் நேராக நர்சரிக்குச் செல்கிறார்கள். பூத்துக் குலுங்கும் செடிகளை அள்ளி வந்த பிறகே எதை எங்கே நடுவது என்று யோசிக்கிறார்கள். என் பார்வையில் பிற தவறுகள் பலவற்றுக்கும் இதுவே தாய்த்தவறு. நிலத்தை அறிந்து, தாளில் வரைந்து பார்த்து, அதன் பின்னரே செடி வாங்க வேண்டும்.

நிழல் எங்கே விழுகிறது என்பதைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் குறித்துக்கொள்ள வேண்டும். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஒரு நாள் கணக்கு போதாது. ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். சுவர் நிழலில் நட்டுவிட்டு எவ்வளவு உரமிட்டாலும் தண்டு மெலிந்து நீளுமே தவிர, பூக்காது. அதேபோல், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிட்டு, மீண்டும் நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. அளவுகூட நீர் இறங்கவில்லையென்றால், அந்த இடத்தில் வடிகாலைச் சரிசெய்யாமல் எதையும் நடக்கூடாது. புதிதாகக் கட்டிய வீடுகளில் மண்ணுக்கடியில் காரையும் செங்கல் துண்டுகளும் புதைந்திருப்பதுண்டு. அவற்றை அகற்றாவிட்டால் மண்ணின் காரத்தன்மை கூடி, இரும்புச்சத்து கிடைக்காமல் இட்லிப்பூச் செடியின் இளந்தளிர்கள் மஞ்சளாகிவிடும்.

மிகவும் வருத்தம் தருவது, செடியின் இன்றைய அளவை மட்டும் பார்த்து நெருக்கமாக நடுவதுதான். முழுதாக வளர்ந்தபின் 2 மீட்டர் அகலம் பரவும் செடிக்குச் சுவரிலிருந்து 1 மீட்டரும், அதே வகைச் செடிகளுக்கிடையே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். தொடக்கத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரியும் என்பது உண்மையே. அதை ஒரு பருவத்தில் முடிந்துவிடும் பூச்செடிகளால் நிரப்பிக்கொள்ளலாம். இடைவெளி விடாதவர்கள், சில ஆண்டுகளில் சன்னலை மறைக்கும் கிளைகளை ஓயாமல் கவாத்து செய்து, செடியின் இயல்பான வடிவத்தையும் பூவையும் சேர்த்தே இழக்கிறார்கள். தொட்டியில் சாதுவாக நிற்கும் ஃபைக்கஸ் (ஆல், அரச மரங்களின் இனம்), தரையில் இறங்கினால் வேரால் நடைபாதைக் கல்லையே தூக்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

மரக்கன்றை ஆழமாகப் புதைப்பதும் கெடுதலே. தண்டின் அடி அகன்று வேராகப் பிரியும் பகுதி மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை, 5 முதல் 8 செ.மீ. கனம் போதும், அதையும் தண்டில் ஒட்டாமல் சற்றுத் தள்ளியே பரப்ப வேண்டும், இல்லையேல் பட்டை அழுகும்.

அழகைப் பொறுத்தவரை, கண்ணில் பட்ட வகைக்கெல்லாம் ஒன்றாக வாங்கி நடும் ஆசையே தோட்டத்தைச் சந்தைக்கடையாக்குகிறது. சில வகைகளை மட்டும் தேர்ந்து, மூன்று அல்லது ஐந்து செடிகளைக் கூட்டமாக நட்டு, அதே கூட்டத்தை வேறோர் இடத்திலும் அமைத்தால் பார்வைக்கு ஒழுங்கு கிடைக்கும். பாத்தியின் வளைவை வெட்டுவதற்கு முன் தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, அன்றாடம் அமரும் அறையின் சன்னலிலிருந்து பார்ப்பது நல்லது.

இருவர் இணைந்து நடக்கும் பாதைக்கு 1.2 மீட்டர் அகலம் தேவை. கல் பதிக்கும் முன்பே பாதைக்கடியில் குறுக்காக ஒரு வெற்றுக் குழாயைப் புதைத்துவிட்டால், பின்னாளில் சொட்டுநீர்க் குழாயோ விளக்குக் கம்பியோ கொண்டுசெல்லப் பாதையை உடைக்க நேராது.