இணையம் இல்லாத சர்வருக்கு மென்பொருள் கட்டி அனுப்புகிறீர்களா?

சில சர்வர்களைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக வேண்டுமென்றே இணையத்திலிருந்து துண்டித்து வைத்திருப்பார்கள். அங்கே நிறுவும்போது, குறைவதைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லினக்ஸையும், அதில் சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியையும் வைத்தே இங்கு சொல்கிறேன்.

பெரும்பாலான தோல்விகளின் வேர் பேக்கேஜை, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் கட்டைத் தயாரித்த கணினியில்தான் இருக்கிறது. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில், மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட் கட்டளையை 'இறக்கினால் போதும், நிறுவாதே' என்று ஏவினால், அந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ள சார்புகளை (மென்பொருள் ஓடத் தேவையான பிற பேக்கேஜ்களை) அது இறக்காது. பல ஆண்டுகளாக நிரல் எழுதிய மடிக்கணினியில் இல்லாதது ஏது? அதனால் கைக்கு வருவது அரைகுறைக் கட்டு. சர்வரில் உள்ள அதே உபுண்டு பதிப்பின் வெறும் கன்டெய்னரில், அதாவது கணினிக்குள் தனித்து இயங்கும் சுத்தமான சூழலில் இறக்குங்கள். சில கோப்புகள் கூடுதலாக வந்தால் நட்டமில்லை.

'அதே பதிப்பு' என்பதை அலட்சியப்படுத்த வேண்டாம். லினக்ஸ் நிரல்களுக்கு அடிப்படையான சி நூலகம் ஜிலிப்சி. உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இருப்பது 2.28. முன்னதில் கம்பைல் செய்து (இயங்கும் கோப்பாக மாற்றி) ஜிலிப்சியோடு டைனமிக் முறையில் இணைத்த நிரல் பின்னதில் தொடங்கவே தொடங்காது. பழையதில் கம்பைல் செய்தது புதியதில் பொதுவாக ஓடும். எனவே ஆதரிக்க வேண்டியவற்றுள் மிகப் பழைய இயங்குதளத்தில்தான் கம்பைல் செய்ய வேண்டும்.

பைதான்காரர்கள் வெர்ச்சுவல் என்விரான்மென்டை (ஒரு திட்டத்துக்கான தனி நூலகச் சூழலை) அப்படியே நகலெடுத்து அனுப்புவதும் உண்டு. அதற்குள் பழைய கணினியின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். பைதான் பேக்கேஜ்களான வீல் கோப்புகளை அனுப்பிவிட்டு, அந்தச் சூழலைச் சர்வரிலேயே உருவாக்குங்கள். எல்லாவற்றையும் பல கோப்புகளை ஒன்றாக்கும் டார் வடிவில் ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது நல்லது. ஃபேட்32 பென்டிரைவில் இயக்க அனுமதிகளும் சிம்பாலிக் லிங்க்குகளும் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) நேரடியாக நகலெடுத்தால் தங்காது. அதில் எந்தக் கோப்பும், அந்த டார் கோப்பும்கூட, 4 ஜிபியைத் தொடவும் முடியாது.

வைஃபையை அணைத்துவிட்டு நிறுவிப் பார்த்ததைச் சோதனை என்று சிலர் சொல்வார்கள். முன்பு இறக்கிக் கேஷில் சேமித்துக் கிடப்பதெல்லாம் அப்போது துணைக்கு வந்துவிடுமே! நெட்வொர்க்கே இல்லாத புதிய கன்டெய்னரில் நிறுவிப் பாருங்கள்.

இனி சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். அதை எப்படி இயக்குவது என்று சொல்லும் யூனிட் கோப்பில் எழுதும் தொடக்கக் கட்டளையை சிஸ்டம்டி, டெர்மினலில் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஷெல் வழியாக இயக்குவதில்லை. டெர்மினலில் வேலை செய்த பைப் குறியும் (|) திசைமாற்றக் குறியும் (>) அங்கே வெறும் எழுத்துகள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓடவிடாமல் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள்.

செயலிழந்தால் மீண்டும் தொடங்கு என்று எழுதியதோடு நிம்மதி அடைபவர்கள் அதிகம். இயல்பு அமைப்பில் சிஸ்டம்டி 100 மில்லி விநாடி மட்டுமே காத்திருந்து மறுபடி தொடங்கும். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் சர்வீஸ் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். மின்தடைக்குப் பிறகு டேட்டாபேஸ் எழுந்திருக்க அரை நிமிடம் எடுத்தால், உங்கள் சர்வீஸ் அதற்கு முன்பே தோற்றுக் கிடக்கும். இடைவெளியை 5 விநாடியாக உயர்த்துவது ஒரே வரி வேலை.

மேம்படுத்தும்போது நிர்வாகி திருத்திய கான்ஃபிக் கோப்பின்மேல் எழுதிவிடாதீர்கள். டெபியன், ஆர்பிஎம் ஆகிய இரு பேக்கேஜ் வடிவங்களிலும் அப்படிப்பட்ட கோப்புகளைக் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது.

கடைசியாக செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண். அதே பென்டிரைவில் வரும் செக்சம், கோப்பு வழியில் பழுதானதா என்று காட்டும். யாரேனும் மாற்றினார்களா என்று காட்டாது, மாற்றியவர் செக்சத்தையும் மாற்றியிருப்பார். அதைக் கண்டுபிடிக்க, அனுப்பியவரின் ரகசியச் சாவியால் இடும் ஜிபிஜி கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி வேறொரு வழியில் முன்கூட்டியே அங்கு போயிருக்க வேண்டும்.