இமையில் அரிக்கும் கட்டி: எல்லாமே கண்கட்டி இல்லை

இமையில் சின்னதாக ஒரு புடைப்பு வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் தீர்ப்பு தயாராக இருக்கும்: கண்கட்டி, உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துத் தலை முழுகு. நாய் எதையோ செய்வதைப் பார்த்திருப்பாய் என்று கேலி வேறு. பர்மாவில் நாம் இருப்பது ரங்கூனோ மோல்மீனோ, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் கொண்டுவந்த அந்த வைத்தியம் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. வலிக்கிறதா, அரிக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் தவறே அதுதான்.

கண்கட்டி என்றால் வலிக்கும். இமைமுடியின் வேரிலோ பக்கத்துச் சுரப்பியிலோ பாக்டீரியா புகுந்து சீழ் பிடிப்பது அது. தொட்டாலே சுரீர் என்னும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் உடைந்தோ வற்றியோ போய்விடும். வலியே இல்லாமல் இமைக்குள் உருண்டையாக வாரக்கணக்கில் நிற்கிறதென்றால் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் கலேசியன் என்று பெயர். மூக்கோரத்து இமையில் மஞ்சளாகத் தட்டையாகப் படிந்து, வலியும் அரிப்பும் இல்லையென்றால் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

அரிப்புதான் பெரிய தொல்லை என்றால் கதை வேறு. பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இமை விளிம்பே அழன்று, முடி வேரில் பொடுகு மாதிரி செதில் படிந்து, காலையில் எழுந்ததும் நமநமவென்று இருப்பது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சிகள் முடி வேரில் பெருகினாலும் இப்படி ஆகும். இதைக் கவனிக்காமல் விட்டால் கண்கட்டியும் கலேசியனும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இன்னொன்று ஒவ்வாமை. இமைத் தோல் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், உடம்பிலேயே மெல்லிய தோல், அதனால் வேறெங்கோ பட்ட பொருளுக்குக்கூட இமைதான் முதலில் தடித்துச் சிவக்கும். தலைக்குப் போட்ட கறுப்புச் சாயம், நகப்பூச்சு (விரல் கண்ணுக்குப் போகாமல் இருக்குமா?), புது ஷாம்பு என எதுவாகவும் இருக்கலாம்.

இங்கே தனகாவைப் பற்றியும், அதாவது மரக்கட்டையை அரைத்து முகத்தில் பூசும் பர்மியப் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பர்மியர்களைப் போலவே கன்னம் முழுக்கப் பூசிக்கொள்கிறவர்கள்தானே. தனகாவைக் குறை சொல்லவில்லை. கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்துக் கன்னத்தோடு நிறுத்திக்கொண்டால் பலருக்கும் ஒன்றும் ஆவதில்லை. இமை ஓரம்வரை இழுத்துப் பூசினால் காய்ந்த பொடி முடி வேரில் உதிர்ந்து உறுத்தும், நாமும் தேய்ப்போம், தேய்க்கத் தேய்க்க அரிப்பு ஏறும். டப்பாவில் வரும் வாசனை சேர்த்த தனகா என்றால் அந்த வாசனைப் பொருளே ஒவ்வாமையைக் கிளப்பலாம். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், கண் மையையும் சேர்த்துத்தான். கல்யாண வீட்டில் ஒரே மைக்குச்சி பத்துக் கண்ணுக்குப் போவது தனித் தவறு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது மருந்துக்கடைதான். "கண் அரிக்குது, ஏதாவது குடுங்க" என்றதும் கைக்கு வரும் டியூபில் பல நேரம் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். போட்ட மறுநாளே அரிப்பு அடங்கிவிடும், அதுதான் ஆபத்தே, ஏனென்றால் அப்புறம் அரித்தபோதெல்லாம் அதையே தடவத் தொடங்கிவிடுவோம், மாதக்கணக்கில் போனால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளோகோமா வரலாம், புரை விழலாம், இருக்கிற மெல்லிய தோலும் இன்னும் மெலிந்துபோகும். ஸ்டீராய்டு இல்லாத களிம்பிலும் ஒரு சிக்கல் உண்டு: அதிலிருக்கும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, போடப் போட அரிப்பு கூடும், மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள்.

ஒத்தடத்திலும் குழப்பம் இருக்கிறது. கண்கட்டி, கலேசியன், விளிம்பு அழற்சி என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும், ஆனால் முன்கையில் வைத்துப் பார்த்துச் சுடாத சூடுதான் சரி. அவித்த முட்டையை அப்படியே கண்ணில் வைக்காதீர்கள், இமை வெந்துபோகும். செதில் இருந்தால் ஒத்தடத்துக்குப் பிறகு குழந்தைகள் ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் தொட்டு, இமை விளிம்பை மட்டும் மெதுவாகத் துடையுங்கள். ஒவ்வாமை அரிப்புக்கோ குளிர்ந்த ஒத்தடம்தான் இதமாக இருக்கும்.

பூண்டு தேய்ப்பது, தாய்ப்பால் விடுவது, நாமக்கட்டி உரசிப் போடுவது எல்லாம் வேண்டாமே. பூண்டு இமையைப் புண்ணாக்கிவிடும். கட்டியைப் பிதுக்குவதும் கூடாது, கிருமி உள்ளே பரவும். சித்திரைப் பிறப்பும், பர்மியர்கள் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் புத்தாண்டான திஞ்ஜானும் சேர்ந்து வரும் ஏப்ரலில் எங்கிருந்து மொண்ட தண்ணீரோ முகத்தில் வந்து விழும். அந்த நாட்களில் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள், இமை வீங்கியிருக்கும்போதும் அப்படியே.

இமை முழுக்க வீங்கி மூடிக்கொள்வது, காய்ச்சல், பார்வை மங்குவது, கண்ணை அசைத்தால் வலிப்பது, விழி முன்னால் தள்ளுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்து இமைமுடி உதிர்ந்தாலோ, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யச் சதையை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள், பயந்து தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது அதுவரை போட்ட டியூபையும் அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள், வெள்ளைக் கலரில் ஒரு மருந்து என்றால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.